திப்பியும் புளித்த தண்ணீரும்: சேலம் சேகோ ஆலைக் கழிவு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு டன் ஜவ்வரிசி எடுக்க நாலரை, ஐந்து டன் மரவள்ளிக்கிழங்கு அரைபட வேண்டும். பழைய முறையில் ஓடும் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் அதற்கு 30,000 முதல் 40,000 லிட்டர் தண்ணீர் செலவாகும். ஜவ்வரிசி மூட்டை லாரியேறி மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் போய்விடுகிறது. தண்ணீரோ, மாவும் புளிப்பும் கலந்து, ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தங்கிவிடுகிறது. கூடவே மாவு எடுத்தபின் மிஞ்சும் நாரான திப்பியும் தோலும் மலை மலையாகக் கிடக்கின்றன.

இந்தத் தொழில் இங்கே வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போரின்போது மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் நின்றுபோயின. 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலேயாவிலிருந்து வந்த ஒருவரின் தொழில் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார். 1981இல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்கு ஊர்ப்பெயர் கிடைத்தாயிற்று. அந்தப் பொருளை எடுத்த பிறகு ஊரில் மிஞ்சுவதற்கு யார் பொறுப்பு என்பது இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

கழிவைப் பார்க்க வரும் அதிகாரியானாலும் ஆய்வு மாணவரானாலும் நேராக ஆலைக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது, அமிலத்தன்மை எவ்வளவு, நாற்றம் எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று அங்கே அளக்கிறார்கள். என் கருத்து வேறு. சேகோ ஆலையில் கழிவின் அளவும் குணமும் முன்வாசலிலேயே, எடைமேடைப் பக்கமே, முக்கால்வாசி முடிவாகிவிடுகின்றன. பின்னால் குட்டையில் நடப்பது அந்த முடிவுகளுக்குச் செலவு கட்டும் வேலை.

எடைமேடையில்

கிழங்கு லோடு வந்ததும் ஆலையில் பாயிண்ட் பார்ப்பார்கள். லோடிலிருந்து மாதிரிக்கு எடுத்த கிழங்கைத் தராசில் ஒருமுறை எடை போடுவார்கள். பிறகு அதையே கம்பிக்கூடையில் வைத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்ப்பார்கள். மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனமானது. அதனால் மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும். அந்த எடையை வைத்து இத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்பதுதான் விவசாயிக்குக் கிடைக்கும் விலை. இரண்டு பாயிண்ட் குறைந்தால் ஒரு லோடுக்கு எவ்வளவு போகும் என்று வயலில் நிற்பவருக்கு விரல்நுனியில் தெரியும். பாயிண்ட் போடுவதில் விவசாயிகளுக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. அது நியாயமான குறை. இங்கே நான் சொல்ல வந்தது, பாயிண்ட் அளக்காமல் விட்டுவிடும் ஒன்றைப் பற்றி.

பிடுங்கிய மரவள்ளிக்கிழங்குக்கு ஆயுசு குறைவு. இரண்டு மூன்று நாளில் சதைக்குள் நீலமும் கறுப்புமாகக் கோடு பாய ஆரம்பித்துவிடும். சீசன் உச்சத்தில் ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது கிழங்குக்குள் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கிழங்கில் மாவு குறையும், கிடைக்கும் மாவும் மங்கலாக இருக்கும். மங்கல் மாவு சந்தையில் விலை போகாது. அதை வெளுக்க ஏதாவது செய்யத் தோன்றும். மண் ஒட்டிய கிழங்கும் அப்படித்தான்: கூடுதல் தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு மாவுவரை வரும். லாரியை நேரம் பிரித்து வரவழைக்கும் ஒரு டோக்கன் முறை, பின்னால் கட்டும் சுத்திகரிப்பு நிலையத்தில் பாதிச் செலவை மிச்சப்படுத்தும் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பேச்சு சுத்திகரிப்புத் திட்ட அறிக்கைகளில் வருவதே இல்லை.

அரவையும் தொட்டியும்

கழுவிய கிழங்குக்கு இரண்டு தோல். காகிதம் போன்ற மேல்தோல் ஒன்று, அதற்கு அடியில் தடித்த பட்டை ஒன்று. பட்டையைச் சரியாக உரிக்காமல் விட்டால் மாவின் நிறம் கெடும். கிழங்கிலுள்ள சயனைடு தரும் பொருளும் இந்தப் பட்டையில்தான் அதிகம். உரித்த கிழங்கு அரவை மிஷினுக்குப் போகிறது. கிழங்கின் செல்களைக் கிழித்து மாவை வெளியே கொண்டுவருவது அரவையின் வேலை. பிறகு சல்லடையில் தண்ணீர் தெளித்து அலசினால் மாவுப்பால் கீழே இறங்கும். நார் மேலே நிற்கும். அந்த நார்தான் திப்பி.

ஆலைக்குப் போனால் ஒரு கைப்பிடி திப்பியை எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் வெள்ளையாகப் பால் வழிந்தால் அரவைப் பல் தேய்ந்திருக்கிறது அல்லது சல்லடையில் அலசியது போதவில்லை என்று பொருள். நன்றாக ஓடும் ஆலையிலும் காய்ந்த திப்பியில் பாதிக்கும் மேல் மாவுச்சத்துதான் இருக்கிறது. கிழங்கு எடையில் பத்து சதவீதம்வரை உலர்ந்த திப்பியாக ஒதுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், பாயிண்ட் பாயிண்டாகப் பேரம் பேசி வாங்கிய மாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கழிவோடு போகிறது. இதைச் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று சொல்வதற்கு முன் வருமான இழப்பு என்று சொன்னால் முதலாளியின் காதில் ஏறும்.

மாவுப்பால் தொட்டிக்குப் போய் ஆறேழு மணி நேரம் படியும். மாவு அடியில் கெட்டியாக உட்கார்ந்ததும் மேல் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கழிவுநீரில் பெரும்பங்கு இதுதான். கரைந்த சர்க்கரை, புரதம், படியாமல் மிதந்த மாவு எல்லாம் இதில் இருக்கும். படியும் நேரத்திலேயே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடுவதால் வெளியே வரும்போதே புளித்திருக்கும். ஒரு லிட்டரைச் சுத்தமாக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவை வைத்துச் சொன்னால், ரசாயன ஆக்ஸிஜன் தேவை 5,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். வீட்டுச் சாக்கடையைப் போலப் பத்து மடங்கு. இது ஓடையில் கலந்தால் ஓடையில் இருக்கும் ஆக்ஸிஜனையெல்லாம் நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடும், மீனுக்கு எதுவும் மிஞ்சாது. வசிஷ்ட நதிக்கும் அதில் சேரும் ஓடைகளுக்கும் அருகில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொட்டியில் படியவைப்பதற்குப் பதிலாகச் சுழல்விசையால் மாவைப் பிரிக்கும் இயந்திரங்களும் ஹைட்ரோசைக்ளோன்களும் வந்து பல ஆண்டுகளாகின்றன. இவற்றால் தண்ணீர் குறைகிறது, மாவு புளிக்க நேரமே கிடைப்பதில்லை, நிறமும் கெடுவதில்லை. முதலீடு அதிகம் என்பதால் சிறிய ஆலைகள் தயங்குகின்றன. இயந்திரம் வாங்க முடியாதவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு: கடைசியாக மாவு அலசிய தெளிந்த தண்ணீரை வீணாக்காமல், கிழங்கு கழுவும் முதல் தொட்டிக்குத் திருப்புவது. ஒரு பம்பும் ஒரு குழாயும் போதும்.

வெண்மைக்குக் கொடுக்கும் விலை

வடக்கே ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் சிவராத்திரிக்கும் விரதமிருப்பவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுகிறார்கள். கடைத்தட்டில் பளிச்சென்று பால்போல இருக்கும் ஜவ்வரிசிதான் முதலில் விற்கிறது. இயல்பான ஜவ்வரிசி சற்றே மங்கலாகத்தான் இருக்கும். இந்த இடைவெளியை நிரப்பச் சில ஆலைகள் மாவில் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சேர்க்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறை சேலம் வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சோதனை நடத்தி இப்படிப்பட்ட மாவைப் பறிமுதல் செய்திருக்கிறது.

இதை உணவுக் கலப்படப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. பின்னால் இருக்கும் குட்டையை இது நேரடியாகப் பாதிக்கிறது. குளோரின் சேர்ந்த தண்ணீர், கழிவுநீரைக் காற்றுப் புகாமல் அடைத்து வாயு எடுக்கும் சாண எரிவாயுக் கலனுக்குள் போனால் அங்கே வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சாகும். கந்தக அமிலம் கலந்திருந்தால் சல்பேட்டைத் தின்னும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, மீத்தேனுக்குப் பதிலாக அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடைத் தரும். அது ஜெனரேட்டர் இன்ஜினின் உள்பாகங்களை அரித்துவிடும். இவற்றையும்விட மோசமானது உப்பு. ஹைப்போகுளோரைட் தன் வேலையை முடித்ததும் சாதாரண உப்பாக மாறித் தண்ணீரிலேயே இருக்கும். மாவை நுண்ணுயிர் தின்னும், உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. எந்தக் கலனைத் தாண்டினாலும் அது அப்படியே வயலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். ஆலைக் கழிவுநீரால் கிணறு உவர்ந்துபோனது என்று ஊரில் சொன்னால் முதலில் விசாரிக்க வேண்டியது வெளுப்புத் தொட்டியை.

மூடிய குட்டை: ஒரு கணக்கு

நாளொன்றுக்கு 50 டன் கிழங்கு அரைக்கும் ஆலையை எடுத்துக்கொள்வோம். சுமார் 11 டன் ஜவ்வரிசி கிடைக்கும். டன்னுக்கு 30,000 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 3,30,000 லிட்டர் கழிவுநீர். லிட்டருக்கு 5 கிராம் வீதம் அதன் ரசாயன ஆக்ஸிஜன் தேவை மொத்தம் 1,650 கிலோ. காற்றுப் புகாத கலனில் இதில் 80 சதவீதம் சிதைகிறது என்று கொண்டால் 1,320 கிலோ. சிதையும் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆக 460 கனமீட்டர் மீத்தேன். கரியமில வாயுவும் சேர்ந்து சாண எரிவாயுவாகப் பார்த்தால் 700 கனமீட்டருக்கு மேல். வெப்ப அளவில் 19 கிலோ வணிக சிலிண்டர் பதினெட்டுக்குச் சமம். இன்ஜினில் எரித்தால் 1,200 யூனிட் மின்சாரம் கிடைக்கும். தினமும்.

மூடாமல் விட்டாலும் இந்த வாயு உண்டாகாமல் இருப்பதில்லை. திறந்த குட்டையின் அடியிலும் அதே நுண்ணுயிர்கள்தான். அந்த மீத்தேன் முழுவதும் வானத்துக்குப் போகிறது. 460 கனமீட்டர் என்பது 300 கிலோவுக்கு மேல். நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் ஆற்றல் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு என்பதால், ஒரே ஆலை ஒரே நாளில் எட்டு ஒன்பது டன் கரியமில வாயு விட்டதற்கு ஒப்பு.

சேலம் பக்கத்தில் சாண எரிவாயு பரவியதற்குச் சுற்றுச்சூழல் அக்கறையைவிட மின்வெட்டு பெரிய காரணம். 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் பகலில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல், டீசல் ஜெனரேட்டருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் திண்டாடிய காலம் அது. குட்டையின் மேல் தடித்த பாலிஎத்திலீன் விரிப்பைப் போர்த்தி, வாயுவைக் குழாயில் இழுத்து, அதற்கேற்ற இன்ஜினில் ஓட்டலாம் என்று தெரிந்ததும் பலர் இறங்கினார்கள். உயர்ரகக் கலன்களில் கழிவுநீர் ஒரு நாள் தங்கினால் போதும், ஆனால் கட்டுமானச் செலவும் கவனிக்கத் தேர்ந்த ஆளும் வேண்டும், மிதக்கும் மாவைத் தாங்கவும் செய்யாது. மூடிய குட்டைக்குப் பதினைந்து இருபது நாள் தங்கும் அளவுக்கு இடம் வேண்டும். மேலே சொன்ன ஆலைக்கு 5,000 கனமீட்டருக்குக் குறையாமல். இங்குள்ள ஆலைகளுக்கு ஜவ்வரிசி காயவைக்கும் களமும் காலி நிலமும் இருப்பதால் இதுவே ஒத்துவந்தது.

ஆனால் சேகோ ஆலை வருஷம் முழுவதும் ஓடுவதில்லை. ஆடி, ஆவணிக்குமேல் சூடுபிடித்து மாசி பங்குனிவரை ஓடும், பிறகு அடங்கும். கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பட்டினி மாதங்களைத் தாங்கிக்கொள்ளும், அவ்வளவு எளிதில் சாகாது. சீசன் தொடங்கும் முதல் வாரத்தில்தான் ஆபத்து. முழு அரவைத் தண்ணீரையும் முதல் நாளே உள்ளே விட்டால், மாவை அமிலமாக்கும் கூட்டம் வேகமாகப் பெருகும். அமிலத்தை மீத்தேனாக்கும் கூட்டமோ மெதுவாகத்தான் வளரும். நடுவில் அமிலம் தேங்கிக் கலனே புளித்துவிடும், வாயு நின்றுவிடும். பிறகு சுண்ணாம்பு கொட்டி மீட்டெடுக்க வாரக்கணக்காகும். கால்பங்கு தண்ணீரில் ஆரம்பித்து, அமிலத்தன்மையைத் தினம் பார்த்து, படிப்படியாக ஏற்றுவதுதான் வழி. கிழங்குத் தண்ணீரில் நைட்ரஜன் குறைவு என்பதால் தொடக்கத்தில் சாணக் கரைசல் ஊற்றுவது நல்ல பலன் தரும். சயனைடைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அதில் பெரும்பங்கு அலசும் தண்ணீரோடுதான் வரும், ஆனால் படிப்படியாக ஏற்றினால் நுண்ணுயிர்கள் அதற்குப் பழகிக்கொள்ளும்.

இனி, எனக்கு ஆற்றாமை தரும் இடம். கலனிலிருந்து வெளியே வரும் தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல. ஐந்தில் நான்கு பங்கு அழுக்கு போயிருக்கலாம். மிச்சமிருக்கும் ரசாயன ஆக்ஸிஜன் தேவையே லிட்டருக்குச் சுமார் 1,000 மில்லிகிராம். பாசனத்துக்கு விடுவதானால் உயிரிய ஆக்ஸிஜன் தேவை (நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய அழுக்குக்கு மட்டுமான அளவு) 100 மில்லிகிராமுக்குள்ளும், ஆற்றில் விடுவதானால் 30க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது பொது விதி. அந்த இடைவெளியை அடைக்கக் காற்றூட்டும் தொட்டி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். வாயு வரும்வரை முதலாளிக்கு வரவு, காற்றூட்டத் தொடங்கினால் செலவு. அதனால் பல இடங்களில் வாயுவோடு வேலை முடிந்ததாக விட்டுவிடுகிறார்கள். கலனிலிருந்து கிடைக்கும் 1,200 யூனிட்டில் ஒரு பகுதியைக் காற்றூட்டலுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பதை, ஆலை ஓட அனுமதி தரும்போதே நிபந்தனையாக எழுதி, தனி மீட்டர் வைத்து, படித்துப் பார்க்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இது கடினமான வேலை அல்ல.

மழையில் திப்பி

தண்ணீருக்கு வழி இருக்கிறது. திப்பிதான் சிக்கல், அதுவும் ஐப்பசி கார்த்திகையில். அரவை உச்சத்தில் இருக்கும் அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. வெயிலிருந்தால் களத்தில் பரப்பி இரண்டு மூன்று நாளில் காயவைத்து, தீவன ஆலைக்கும் பண்ணைக்கும் விற்றுவிடலாம். மழை பிடித்துக்கொண்டால் ஈரத் திப்பி குவிந்துகொண்டே போகும். நாலைந்து நாளில் புளித்து, பூஞ்சை பிடித்து, அடியிலிருந்து பழுப்புநீர் கசிந்து களத்தைத் தாண்டி ஓடும். ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மனு கொடுப்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

பூஞ்சை பிடித்த திப்பி மாட்டுக்கு ஆகாது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு பாலிலும் இறங்கும். விலை மலிவு என்று வாங்கிப் போடும் கறவைமாட்டுக்காரர் இதை அறிந்திருக்க வேண்டும். நல்ல திப்பியையும் அளவோடுதான் கொடுக்கலாம். அதில் மாவுச்சத்து ஏராளம், புரதம் மிகமிகக் குறைவு. புண்ணாக்கு சேர்க்காமல் திப்பியை மட்டும் அள்ளிப் போட்டால் வயிறு புளித்து மாடு தீனி எடுக்காது. தோலையும் பட்டையையும் நறுக்கி வெயிலில் நன்கு உலர்த்திச் சயனைடு போனபிறகே தீவனமாக்க வேண்டும்.

மழைநாள் திப்பிக்கு என் பார்வையில் இரண்டு வழி. திருகு அழுத்தியில் பிழிந்து தண்ணீரை வெளியேற்றினால் பாதிக் கனம் அங்கேயே குறையும், காயவும் வேகமாகக் காயும். இரண்டாவது, திப்பியை வாயுவாக்குவது. மூடிய குட்டைக்குள் அதைத் தள்ளிவிடக் கூடாது. நார் மேலே மிதந்து பாறைபோல் ஏடு கட்டும், வாயு வரும் வழியை அடைக்கும். கலக்கிக்கொண்டே இருக்கும் தனிக் கலன் வேண்டும், நைட்ரஜனுக்குக் கோழி எச்சம் சேர்க்க வேண்டும். கோழி எச்சத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிகுதியாகி அம்மோனியா தொல்லை, திப்பியில் நைட்ரஜனே இல்லாமல் அமிலத் தொல்லை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் பண்ணைக் கழிவுகளிலிருந்து அழுத்தப்பட்ட எரிவாயு எடுக்கும் ஆலை ஒன்று கழிவு வாயுவை எரிபொருளாக்கும் மத்திய அரசின் சதத் (SATAT) திட்டத்தில் வந்திருக்கிறது. சேகோ பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

வயலுக்குத் திரும்புவது

மரவள்ளி மண்ணிலிருந்து பொட்டாஷை நிறைய உறிஞ்சும் பயிர். கிழங்கோடு அது ஆலைக்குப் போகிறது, தண்ணீரில் கரைகிறது, கலனில் சிதையாமல் வெளியே வருகிறது. அதனால் வெளுப்பு மருந்து படாத, காற்றூட்டிய தண்ணீர் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் நல்ல பாசனம். வெளுப்பு மருந்து பட்ட தண்ணீர் அதே வயலில் உப்பை ஏற்றும். குழாய் ஒன்றுதான், எந்தத் தண்ணீர் வரும் என்பதை முடிவுசெய்வது மாவுத்தொட்டி.

ஈரத் திப்பியை அப்படியே வயலில் கொட்டுவது தவறு. அது மக்குவதற்கு மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். கிளைரிசிடியா தழையோ கோழி எச்சமோ கலந்து, கிளறிவிட்டு, மக்கவைத்துத்தான் போட வேண்டும். திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் திப்பியை உரமாக்குவதில் வேலை செய்திருக்கிறது. மரவள்ளி இலையிலிருந்து நன்மா, மென்மா என்ற பூச்சிவிரட்டிகளையும் அதே நிலையம் எடுத்தது. வயலில் வெட்டிப் போடும் தழை எதற்கும் உதவாது என்ற எண்ணம் அத்தோடு போயிருக்க வேண்டும். சேலம், தர்மபுரிப் பக்கம் அதே இலையை ‘எரி’ வகைப் பட்டுப்புழுவுக்குத் தீனியாகவும் போடுகிறார்கள். ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஆலைகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. கிழங்கு ரகங்களுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கை அது ஆலைக் கழிவுநீர்ப் பாசனத்துக்கும் கொடுத்தால், எந்த மண்ணுக்கு எத்தனை தண்ணீர் என்று விவசாயி கேட்டு அறிய ஓர் இடம் கிடைக்கும்.

கடைசியாகச் சிறிய ஆலைகள். நாளுக்குப் பத்து, பதினைந்து டன் அரைப்பவர்களால் மூடிய குட்டையும் இன்ஜினும் காற்றூட்டும் தொட்டியும் தனியாகப் போட முடியாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து ஆலைகளுக்கு ஒரே கலன் என்ற ஏற்பாடு அவர்களுக்குப் பொருந்தும். தண்ணீரைக் குழாயில் அனுப்பலாம், திப்பியை டிராக்டரில் ஏற்றலாம், வாயுவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். யாருடைய தண்ணீரில் குளோரின் வந்தது என்ற சண்டை வரும் என்பதால், ஒவ்வோர் ஆலையின் குழாயும் கலனில் சேரும் இடத்தில் மாதிரி எடுக்கத் தனிக் குழாய்வாய் வைத்தாக வேண்டும். இதை முன்னின்று நடத்த ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சேகோசர்வில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, மாதிரி எடுத்துத் தரம் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது, ஏலம் நடத்தும் பொறுப்பும் இருக்கிறது. ஏலத்துக்கு வரும் ஜவ்வரிசியின் மாதிரியோடு அதை எடுத்த ஆலையின் தண்ணீர் மாதிரியும் அதே மேசைக்கு வரட்டும்.